சவர்த் தண்ணீரில் கழுவிய ரீல்

ராசா,

தொலைபேசியில் நீ "அங்கை எல்லாம் சரிதானே அம்மா?" என்று கேட்கும்போதெல்லாம் "ஓம், எல்லாம் சரி" என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். அது முழு உண்மை இல்லை. இடையில் கொஞ்சக் காலம் ஒன்றுமே சரியாக இருக்கவில்லை. உன் கலியாணம் நடக்குமோ நடக்காதோ என்று நானும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டு எழும்பிய நாட்கள் உண்டு. இப்போது சரியாகிவிட்டது. சரியான பிறகுதான் சொல்லவேண்டும் என்று இருந்தேன். அதோடு, தொலைபேசியில் உன்னோடு எதையும் முழுதாகக் கதைக்க முடியாது. நீ எந்த நேரமும் நடந்துகொண்டிருப்பாய், அல்லது சாப்பிட்டுக்கொண்டிருப்பாய். கடிதம் என்றால் குறுக்கே "ஓம் ஓம், விளங்குது" என்று சொல்ல மாட்டாய். அப்பா சொல்கிறார், "ரீல் சரி, சம்மந்தியும் சரி எண்டு ரெண்டு வசனம் எழுதிப் போடு, காணும்" என்று. அவருக்கு எதுவும் இரண்டு வசனத்தோடு முடிந்துவிடும்.

நீ கட்டப்போகிற கௌரியும் இதை வாசிப்பாள் என்று எனக்குத் தெரியும். வாசிக்கட்டும். அவளுடைய தகப்பனைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். அவளுக்காக, உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நான் ரீல் திருத்த வெளிக்கிட்டது தையல் மெஷினால் வந்த வினை. மாதர் சங்கத்தில் தையல் படிப்பித்த காலத்தில் மெஷின் நின்றுபோனால் டவுனிலிருந்து ஆள் வரவேண்டும். அந்த ஆள் வருவதற்குள் சட்டை தைக்கக் கொடுத்த பிள்ளை வளர்ந்துவிடும். ஆகவே நானே கழற்றிப் பூட்டப் பழகினேன். பிறகு எங்கள் ஊர் கொழும்புத்துறையில் யாருடைய மெஷின் நின்றாலும் என்னிடம்தான் வந்தது. ஒருநாள் கனடாவிலிருந்து வந்த ஒருவர் தன் அப்பப்பாவுடைய தூண்டில் ரீல் ஒன்றைக் கொண்டுவந்து அப்பாவிடம் நீட்டினார். அப்பா அதை இரண்டு தரம் உருட்டிப் பார்த்துவிட்டு, "உந்தச் சில்லாலை மீன் பிடிச்சிருந்தால் நாங்கள் எல்லாரும் எப்பவோ பட்டினியிலை செத்திருப்பம். உள்ளை மனுசியிட்டைக் குடுங்கோ, அவவுக்குத்தான் உப்பிடிச் சுத்துற சாமான் எண்டால் விசர்" என்றார். அப்படி வந்ததுதான் இந்தப் பைத்தியம். பண்ணைப் பாலத்தில் நின்று தூண்டில் போட்ட உத்தியோகத்தர்கள், துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள் விட்டுப்போன ரீல்கள் எத்தனை வீட்டுப் பரணில் கிடக்கின்றன என்று அப்போதுதான் தெரிந்தது. வலைக்காரர் வீட்டு யன்னல் விளிம்பில் வரிசையாய் ரீல் இருப்பதைப் பார்த்து ஊர் சிரித்தது. சிரிக்கட்டும். இறுகிக் கிடந்த ஒன்று மெல்ல அசைந்து கொடுக்கும்போது கைக்குள் வரும் சந்தோசம் சிரிக்கிறவர்களுக்குத் தெரியாது.

உனக்கு ஞாபகம் இருக்கும், நீ படிக்கிற காலத்தில் சைக்கிள் பெடல் கழலவில்லை என்று நட்டுக் கழற்றும் சாவியைப் போட்டு நின்று உழக்கினாய். இடப்பக்கப் பெடலின் திருகுப் புரி மற்றப் பக்கம் ஓடும் என்று உனக்குத் தெரியாது. நீ பலம் கொடுக்கக் கொடுக்க அது இன்னும் இறுகிக்கொண்டே போனது. கடைசியில் சாவி வழுகி உன் முழங்காலைக் கிழித்தது. நான் காயத்துக்கு மருந்து போட்டபடியே உன்னைத் திட்டினேன். இப்போது திட்டாமல் அதையே சொல்கிறேன். நீ மாப்பிள்ளையாய்ப் போகிற கொக்குவில் வீட்டிலும் சில புரிகள் மற்றப் பக்கம் ஓடும். பலம் போட முதல், எந்தப் பக்கம் திறக்கும் என்று பார். நான் அதைப் பார்க்கத் தவறித்தான் உன் கலியாணத்தைக் குழப்பப் பார்த்தேன்.

கௌரியின் தகப்பன் முதல் தரம் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, நான் அப்பாவைக் கடைக்கு அனுப்பிச் சோடா வாங்கி வைத்தேன். ஏன் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. சில வீட்டார் சில வீடுகளில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். இந்தக் காலத்திலும் அப்படியா என்று நீ கொழும்பில் இருந்து கேட்பாய். இங்கே யாரும் அதை வாய் திறந்து சொல்வதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மூடி திறக்காத சோடாப் போத்தல் என்றால் வந்தவருக்கும் சங்கடம் இல்லை, வீட்டுக்காரருக்கும் அவமானம் இல்லை. வந்தவர் கண் முன்னால் மூடியைத் திறந்து, கிளாஸ் இல்லாமல் அப்படியே கையில் கொடுத்தால் போதும். என் அம்மாவும் அப்படித்தான் செய்தா. நானும் செய்தேன். அவர் வாங்கினார், அரைப் போத்தல் குடித்தார், மிச்சத்தைக் கதிரைக் காலடியில் வைத்தார். நான் சிரித்த முகத்தோடுதான் நின்றேன். உள்ளுக்குள் எனக்கு நெருப்பு எரிந்தது, மகன். என் பிள்ளை இந்த மனிசன் வீட்டில் போய் வாழப்போகிறான், அவன் வாழ்நாள் முழுக்க அந்த வீட்டுக் கிணற்றில் அள்ளிக் குடிப்பான், இவர் என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் வாங்க மாட்டார். அவர் எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்காமல் இந்தக் கலியாணம் என் மனதுக்குக் கலியாணம் இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன். யாருக்கும் சொல்லவில்லை.

கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. அப்பா மழையைப் பற்றிக் கதைத்தார், அவர் தன் தோட்டத்து வெங்காயத்தைப் பற்றிக் கதைத்தார். இரண்டும் கெதியாக முடிந்துபோயின. அப்போதுதான் அவருடைய கண் யன்னல் விளிம்பில் இருந்த ரீல்களில் விழுந்தது. எழும்பிப் போய்க் கிட்ட நின்று பார்த்தார். "உது பட்டம் விடுறதெல்லே?" என்றார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் கண்ணால் முறைத்தேன். பிறகுதான் கதை வந்தது. அவருடைய தகப்பன் காங்கேசன்துறைத் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவராம். அங்கிருந்து ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் தன்னுடைய பித்தளை ரீலை அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனாராம். முட்டைகூடத் தொடாத சைவக் குடும்பம், மீன் பிடிக்கிற சாமானை வைத்து என்ன செய்வது? தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்ற நூல் சுற்றினார்களாம். "எங்கடை குறிச்சியிலை எங்கடை பட்டம்தான் கெதியாய் இறங்கும். கிர்ர் எண்டு ஒரு சத்தம் போடும் பாருங்கோ, அதைக் கேக்கவெண்டே பெடியள் வருவாங்கள்" என்று அவர் சொன்னபோது, வெங்காயத்தைப் பற்றிக் கதைத்த ஆள் இல்லை அவர். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து போகும்போது அதை எண்ணெய்ச் சீலையில் சுற்றிச் செப்புக் குடத்தில் போட்டு, மற்றச் சாமான்களோடு கிணற்றுக்குள் இறக்கியிருக்கிறார். திரும்பி வந்து தேடியபோது குடம் சேற்றுக்குள் புதைந்துபோய் அகப்படவில்லை. போன கோடையில் கிணறு கலக்கி இறைத்தபோதுதான் வந்ததாம். ரீல் சுற்றவில்லை. ஆனால் பித்தளை பித்தளையாகவே இருந்ததாம். "கொண்டு வாங்கோ, பாப்பம்" என்றேன் நான். பார்ப்பேன் என்று சொன்னதற்கும் ஒரு காரணம் இருந்தது. அவருடைய சாமான் எங்கள் வீட்டுக்குள் வந்தால் அவரும் திரும்பத் திரும்ப வரவேண்டும்.

கொண்டுவந்தார். நல்ல பாரமான ரீல், உள்ளங்கை அகலம், கைப்பிடி மட்டும் கறுத்த மரம். தேய்த்துப் பளபளப்பாக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், தகப்பனுடைய விரல் பட்டுத் தேய்ந்த இடம் தேய்ந்தபடியே இருக்கட்டும் என்றார். அந்த ஒரு பதிலுக்காக அவரை எனக்கு அரைவாசி பிடித்துப்போனது. மண்ணெண்ணெயில் ஊறப் போட்டேன். தினமும் ஒரு தடவை எடுத்து அசைத்துப் பார்ப்பதும் திரும்ப ஊறப் போடுவதுமாக விட்டேன். இறுகின புரியோடு சண்டை பிடிக்கக்கூடாது. ஒருநாள் காலை கோயில் மணி அடிக்கும்போது அச்சாணி கழன்று கையோடு வந்தது. நான் அடுப்பில் பாலை விட்டுவிட்டுச் சத்தம் போட்டதில் அப்பா யாரோ விழுந்துவிட்டார்கள் என்று ஓடிவந்தார். உள்ளே இருந்த சேறு முழுவதையும் பழைய பற்தூரிகையால் எடுத்தேன். சத்தம் போடுகிற பல்லையும் அதன் சிறிய ஸ்பிரிங் வில்லையும் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். கடைசியாக வழக்கம்போல எங்கள் கிணற்று நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, மெஷின் எண்ணெய் விட்டுப் பூட்டினேன். தையல் மெஷினுக்குத் தண்ணீர் காட்டவே கூடாது. ஆனால் ரீல் என்றால் கடல் உப்பு ஏறியிருக்கும், நல்ல தண்ணீரில் அலசாமல் விடக்கூடாது என்பது நானாக வைத்த சட்டம். கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்தவளுக்கு அது சட்டமாகத்தான் தெரியும். அவர் வந்து ஒரு சுற்றுச் சுற்றினார். கிர்ர் என்றது. மனிசன் எழும்பி வாசலுக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினார். போகும்போது சோடாவை முழுதாகக் குடித்துவிட்டுப் போனார். ஆனாலும் சோடாதான்.

பிறகு அவர் வந்தது அழைப்பிதழ் அடிக்கிற விசயம் கதைக்க என்றுதான் நினைத்தேன். கையில் பை இருந்தது. பைக்குள் ரீல். மேசையில் வைத்தார். வில்லைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, அச்சாணியில் துரு, ஒரு பக்கமும் அசையவில்லை. "இவ்வளவு காலம் எங்கடை கிணத்துச் சேத்துக்குள்ளை கிடந்தது. ஒண்டும் ஆகேல்லை. உங்கடை வீட்டுக்கு வந்து போய் மாசம் ஆகேல்லை, பாருங்கோ" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்ப எங்கடை வீட்டிலை கைபட்டதாலை கெட்டுப்போச்செண்டு சொல்லுறியளோ?" என்று கேட்டுவிட்டேன். அவருக்கு முகம் சிவந்தது. "நான் அப்பிடிச் சொல்லேல்லை. ஆனால் எதையும் அவசரப்பட்டுச் செய்யக்கூடாது, கொஞ்சம் யோசிச்சுத்தான் செய்யவேணும்" என்றார். அவர் ரீலைப் பற்றிக் கதைக்கவில்லை என்று எனக்கும் அப்பாவுக்கும் விளங்கியது. அழைப்பிதழைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், ரீலை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அப்பா வலையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அன்று பின்னேரம்தான் நீ தொலைபேசி எடுத்தாய். "ஓம், எல்லாம் சரி" என்றேன். பொய் சொன்னேன், ராசா. உன் குரலில் அவ்வளவு சந்தோசம் இருந்தது.

நான் அந்த ரீலைத் தொடவே இல்லை. தொட்டால் அழுகை வரும் என்று பயம். அவராகவே திரும்பி வந்தார். தோட்டத்து உடுப்போடு, மோட்டார் சைக்கிளில், முன்னறிவித்தல் இல்லாமல். வீட்டில் சோடாகூட இல்லை. கௌரி வீட்டில் சாப்பிடாமல் படுத்திருக்கிறாள் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அதை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு ரோசம். வாசலில் நின்றபடியே, "உதை எனக்கு முன்னாலை ஒருக்காக் கழட்டுங்கோ, பாப்பம்" என்றார். கழற்றினேன். எண்ணெய்க்கு அடியில், வில்லு மடிகிற இடத்திலும் அச்சாணிக் குழிக்குள்ளும் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருந்தது. அவர் அதை விரலில் தொட்டுப் பார்த்தார். "கடைசியா என்னத்தாலை கழுவினனீங்கள்?"

"நல்ல தண்ணியாலைதான்."

"எந்த நல்ல தண்ணி?"

"எங்கடை கிணத்துத் தண்ணி. உந்த ஒழுங்கையிலை இருக்கிற சனம் முழுக்க இஞ்சைதான் குடிக்க அள்ளுறது."

அவர் நேரே கிணற்றடிக்குப் போனார். வாளியை விட்டு அள்ளினார். தோட்டக்காரர் புதுக் கிணற்றுத் தண்ணீரை வெங்காயத்துக்கு விடமுதல் பார்ப்பார்களே, அப்படி உள்ளங்கையில் ஏந்தி வாயில் விட்டார். நானும் அப்பாவும் அசையாமல் நின்றோம். அவர் கொப்பளித்துத் துப்புவார் என்று நினைத்தேன். துப்பவில்லை, விழுங்கினார். "சவர், உப்பேறின தண்ணி" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் கிணற்றை யாரும் அப்படிச் சொன்னதில்லை. "நல்ல தண்ணியைச் சவர் எண்டுறியள்!" என்றேன். அப்பா வலையைப் போட்டுவிட்டு வந்து ஒரு கை அள்ளிக் குடித்தார். "எனக்கொண்டும் தெரியேல்லை, வழமையான தண்ணிதானே" என்றார். "அதைத்தானே நானும் சொல்லுறன். வழமையாக் குடிச்சால் என்னெண்டு தெரியும்?" என்று அவர் இன்னும் ஒரு கை அள்ளிக் குடித்துக் காட்டினார். "இந்தத் தண்ணியை என்ரை வெங்காயத்துக்கு விட்டால் நுனி கருகிப்போகும். பிறகு பித்தளை என்ன செய்யும்? வருசா வருசம் கடல் ஏறுது, உங்களுக்குத்தான் தெரியேல்லை." அப்பா மழைக்காலத்தில் நன்றாயிருக்கும் என்றார். அவர் இப்ப மழைக்காலமோ என்று கேட்டு மூன்றாம் தரம் அள்ளினார். இரண்டு பேரும் கிணற்றுக்கட்டில் நின்று, சின்னப் பெடியள் மாதிரி மாறி மாறித் தண்ணீர் குடித்துச் சண்டை பிடித்தார்கள். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். மீசையெல்லாம் எங்கள் வீட்டுத் தண்ணீர்.

அவருக்கும் அது திடீரென்று தெரிந்திருக்க வேண்டும். கையிலிருந்த வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் மறந்துபோய்க் குடித்தாரோ, தெரிந்துகொண்டே குடித்தாரோ, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் போவதில்லை, நீயும் கேட்காதே. வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு, "உந்தத் தண்ணியிலை தேத்தண்ணி எப்பிடித் தங்கச்சி வாய்க்கும்?" என்றார். அதுவரைக்கும் அவர் என்னை எந்த முறையும் சொல்லி அழைத்ததில்லை. "இருங்கோ அண்ணை, போட்டுக் காட்டுறன்" என்று குசினிக்குள் போய்விட்டேன். அடுப்படியில் நின்று கொஞ்சம் அழுதேன். நாங்கள் தினமும் குடிக்கிற கோப்பையில்தான் கொண்டுவந்து கொடுத்தேன், விருந்தாளிக் கோப்பை எடுக்கவில்லை. ஒரு வாய் குடித்தார், முகத்தைச் சுளித்தார். "சீனி இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்றார். போட்டுக் கொடுத்தேன். முழுதாகக் குடித்தார்.

அதன் பிறகு அவரே பிளாஸ்ரிக் கானில் கொக்குவில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார், ரீல் கழுவ. ரீலைத் திரும்ப ஊறப் போட்டு எடுத்தேன். வில்லு அரித்துப்போயிருந்தது, அதற்குப் பழைய மெஷின் வில்லொன்றை வெட்டி வளைத்துப் போட்டேன். இப்போது முந்தியிலும் பார்க்க நல்ல சத்தம். முன்பு திருத்திக் கொடுத்த ரீல் இரண்டு திரும்பி வந்தபோது "பழசெண்டால் அப்பிடித்தான்" என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அவர்களுக்கும் இப்போது ஆள் விட்டிருக்கிறேன், கொண்டு வரச்சொல்லி.

போன சித்திரை வருசப்பிறப்புக்கு வந்தபோது நீயும் சொன்னாய், "அம்மா, தேத்தண்ணி கரிக்குது" என்று. கொழும்புக்குப் போனவுடன் நாக்கு மாறிப்போச்சோ என்று உன்னைக் கடிந்தேன். நீ பேசாமல் குடித்துவிட்டு எழும்பினாய். நீ சொன்னது சரி, மகன். நாங்கள் நாள்தோறும் குடித்துக் குடித்து உப்பு ஏறுவது தெரியாமல் இருந்தோம். தண்ணீரில் மட்டும் இல்லை. என்னைச் சோடா வாங்க வைத்தது அவர்களுடைய குணம் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அவர் ஒருநாளும் சோடா கேட்கவில்லை. அவர் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லமுதலே போத்தலை நீட்டினவள் நான். கேட்டிருந்தால் மறுத்திருப்பாரோ என்னவோ, ஆனால் நான் ஒருக்காலும் கேட்டுப் பார்க்கவில்லை. என் அம்மாவின் பழக்கத்தை நானும் ருசி பார்க்காமலே குடித்திருக்கிறேன்.

நீ அடுத்த மாதம் தாலி கட்டி, எங்கள் ஊர் வழக்கப்படி பெண் வீட்டில் போய் இருக்கப் போகிறாய். கொக்குவில் தண்ணீர் உனக்கு முதலில் சப்பென்று இருக்கும். அந்த வீட்டிலும் அவர்களுக்குத் தெரியாத ஒரு உப்பு எங்கேயாவது இருக்கும். உன் நாக்கில் அது முதலில் படும். சொல்லாமல் விழுங்கிக்கொண்டு இராதே, எண்ணெய்க்கடியில் பூத்துவிடும். ஆனால் வாசலில் நின்று சொல்லாதே. உள்ளே போய், அள்ளி, குடித்துவிட்டுச் சொல். கௌரி இங்கே வந்து எங்கள் குறை சொன்னால் நான் முதலில் கோபிப்பேன், அது என் குணம். அவள் பயப்படாமல் இன்னொரு வாய் குடித்துக் காட்டட்டும். அவளுக்கு அது தகப்பன் வழியில் வரும்.

கோபம் வந்தால் உன் அப்பாவைப் போல வலையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகாதே. கிணற்றடி வரைக்கும் போனால் போதும். தைப்பொங்கலுக்குக் கொழும்புத்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்ற வேண்டும் என்று சம்மந்தி இப்போதே சொல்லிவிட்டார். காற்று அங்கேதான் நன்றாக இருக்குமாம். பட்டம் கட்டுகிற பொறுப்பு உன்னுடையதாம். உனக்குக் கட்டத் தெரியாது என்று நான் சொல்லவில்லை, நீயே சமாளி.

நாளைக்கு அவர்கள் வீட்டிலிருந்து எல்லோரும் அழைப்பிதழ் பார்க்க வருகிறார்கள், கௌரியின் தாய், பெரியப்பா, மாமி எல்லோரும். அந்தப் பெரியப்பா கொஞ்சம் கடினமான ஆளாம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா சைக்கிளை வெளியே எடுத்துவிட்டு வாசலில் நின்று கேட்கிறார், "சோடா எத்தினை போத்தல் வாங்கிறது?" என்று.

"ஒண்டும் வேண்டாம். தேயிலை வாங்கிக்கொண்டு வாங்கோ. சீனி கொஞ்சம் கூட" என்று சொல்லியிருக்கிறேன்.

அம்மா